லிஃப்டுக்காரர் நன்றி சொன்ன மாதம்

காப்பியை வாங்கிக்கொண்ட லிஃப்டுக்காரர், “ரொம்ப நன்றிம்மா” என்றார். அவர் மனைவிக்குப் பயம் பிடித்துக்கொண்டது.

கல்யாணமாகி இருபத்தாறு வருஷம். இத்தனை வருஷத்தில் காப்பியைப் பற்றி அந்த மனுஷர் வாயிலிருந்து வந்தது “சூடு பத்தல”, “இன்னும் கொஞ்சம்” என்ற இரண்டு பேச்சுதான். கெட்டவர் என்று யாரும் சொல்ல முடியாது. ஊரிலுள்ள பாதி லிஃப்டுகளுக்கு எண்ணெய் போட்டு, கயிறு மாற்றி, இரண்டு மாடிக்கு நடுவில் மாட்டிக்கொண்டவர்களை வெளியே எடுத்துவிடுகிறவர். மாட்டிக்கொண்டவர் பயந்து அலறினால் கதவுக்கு இந்தப் பக்கம் நின்றுகொண்டு பெற்ற தாயைப் போல ஆறுதல் சொல்வார். வீட்டுக்கு வந்ததும் பேச்சு தீர்ந்துவிடும். அவளும் அதைக் குறையாக எடுத்துக்கொண்டதில்லை. நாளெல்லாம் மூக்குக்கண்ணாடிக் கடையில் முன்பின் தெரியாத முகங்களோடு பேசிவிட்டு வருகிறவள் அவள். மாலையில் இரண்டு பேரும் வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்திருப்பதற்குப் பெயர்தான் குடும்ப சுகம் என்று நினைத்திருந்தார்கள்.

அப்படிப்பட்டவர் நன்றி என்கிறார். சொல்லிவிட்டு டம்ளரைப் பார்க்காமல் அவளைப் பார்க்கிறார். கண்ணோரம் வேறு ஈரமாக இருக்கிறது.

“என்னங்க, உடம்புக்கு ஏதாவது பண்ணுதா?”

“எனக்கென்ன? நான் நல்லாத்தான் இருக்கேன்.”

‘எனக்கென்ன’, ‘நான்’ என்று அவர் அழுத்திச் சொன்ன மாதிரி அவளுக்குப் பட்டது. அப்படியானால் நல்லாயில்லாதது யார்?

விஷயம் இதுதான். அவள் கழுத்தோரம் ஒரு சின்னக் கட்டி வந்திருந்தது. டாக்டர் அதில் ஊசியைக் குத்தி எதையோ எடுத்துச் சோதனைக்கு அனுப்பினார். முடிவு தெரிந்து அவர் போன் செய்தபோது, இந்த வீராங்கனை என்ன செய்தாள் தெரியுமா? போனைக் கணவரிடம் நீட்டி, “நீங்களே பேசுங்க” என்று சொல்லிவிட்டு குளியலறைக்குள் போய்க் குழாயை முழுசாகத் திறந்துவிட்டாள். கொஞ்ச நேரம் கழித்து அவர் கதவைத் தட்டி, “ஒண்ணும் இல்லையாம்மா. வெறும் கொழுப்புக் கட்டியாம். வெளிய வா” என்றார். வந்தாள். நம்பினாள். சரியாக அடுத்த ஞாயிற்றுக்கிழமை வரைக்கும் நம்பினாள்.

திங்கட்கிழமை காலையில்தான் அந்த நன்றி. அதற்குப் பிறகு ஒன்றன்பின் ஒன்றாகச் சகுனங்கள். காலையில் அவள் கண் விழிக்கும்போது கட்டில் விளிம்பில் உட்கார்ந்து அவளையே பார்த்துக்கொண்டிருந்தார். பாத்திரம் கழுவினார். உப்பு ஜாடி எது, சர்க்கரை ஜாடி எது என்று கேட்டுத் தெரிந்துகொண்டார். அவள் பேசினால் பேப்பரை மடித்து வைத்துவிட்டுக் கேட்டார். கடையில் யாரோ கண்ணாடியைத் தலையில் வைத்துக்கொண்டு கடை முழுக்கத் தேடிய கதையைச் சொன்னபோது கடைசி வரைக்கும் கேட்டுச் சிரித்தார். ஒரு நாள் வாஷிங் மெஷின் முன்னால் குத்துக்காலிட்டு உட்கார்ந்துகொண்டு, “இதுல எந்தப் பொத்தானை எப்ப அமுக்கணும்னு எனக்குச் சொல்லிக் குடேன்” என்று கேட்டாரே, அன்றைக்கு அவளுக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. தனியாக இருக்கப்போகிற மனுஷன்தான் அதைக் கற்றுக்கொள்வான். வேறு யாருக்கு அந்த அக்கறை வரும்?

கேட்டிருக்கலாமே என்பீர்கள். கேட்டால் பதில் சொல்லிவிடுவாரே! டாக்டரிடம் போயிருக்கலாம்தான். கண் சோதனைக்கு வந்து, எழுத்துப் பலகையைக் கண்டதும் பயந்து, “நாளைக்கு வரேன்” என்று நழுவுகிறவர்களை அவளே எத்தனை தடவை பார்த்துச் சிரித்திருக்கிறாள். இப்போது தானே அந்த வரிசையில் நிற்பது அவளுக்குத் தெரிந்துதான் இருந்தது. தெரிந்து என்ன, கால் நகரவில்லை.

முதல் சில நாட்கள் அவளுக்கு எதற்கெடுத்தாலும் கோபம் வந்தது. சாப்பிடும் தட்டு ஒன்று உடைந்தது. தானாக உடைந்ததாகச் சொல்லிக்கொண்டாள். கோபம் தீர்ந்தபோது அவளே எதிர்பார்க்காத ஒன்று நடந்தது. கடையில் வழக்கம்போல ஒரு பெரியவருக்குக் கண்ணாடியைப் போட்டுவிட்டாள். கம்பியைச் சூடுகாற்றுப் பெட்டியில் காட்டி, இளகியதும் காதுக்குப் பின்னால் வளைத்து, மூக்கின் மேல் உட்காரும் சின்னப் பட்டைகளை விரல் நுனியால் நகர்த்தி, அவர் முகத்தை நேராகப் பார்த்தாள். இருபது வருஷமாகச் செய்கிற வேலை. அன்றைக்கு அந்த முகம், அதிலிருந்த சுருக்கம், கண் தெளிந்ததும் அந்த மனுஷர் எதிர்க்கடைப் பெயர்ப் பலகையைச் சின்னப் பிள்ளை மாதிரி வாய்விட்டுப் படித்தது எல்லாம் அவளுக்குத் தாங்க முடியாத அழகாக இருந்தது. இந்த வேலை தனக்குக் கிடைத்ததே என்று நினைத்தாள். கண்ணாடியை ஒப்படைக்கும்போது எப்போதும் சொல்கிற வாசகம் ஒன்று உண்டு: “ஒரு வாரம் போட்டுப் பாருங்க. அழுத்தினா வாங்க, சரி பண்ணித் தரேன்.” அது அன்றைக்கு வாய்க்கு வரவில்லை. ஒரு வாரம் என்று எந்த தைரியத்தில் சொல்வது? பேசாமல் கண்ணாடிக் கூட்டை அவர் கையில் கொடுத்தாள்.

அன்று முதல் எல்லாமே அப்படித்தான் ஆனது. பஸ் ஜன்னலில் வந்து விழும் வெயிலுக்கு நன்றி. துவைத்த துணியின் வாசனைக்கு நன்றி. பக்கத்து வீட்டுக்காரி பாடுகிற அபஸ்வரத்துக்கும் கூட நன்றி. இப்படி ஒவ்வொன்றாக மனசுக்குள் சொல்லிக்கொண்டே வந்தவள், ஒரு இடத்தில் வந்து முட்டிக்கொண்டு நின்றாள். சொல்லவேண்டிய நன்றிகளில் பெரியது ஒன்று ஆறு வருஷமாகச் சொல்லாமல் கிடந்தது.

அவள் தங்கை. வயசு நாற்பத்தெட்டு ஆனாலும் பெயர் குட்டிதான். ரயிலில் மூன்று மணி நேரத் தூரத்தில் இருக்கிறாள். படுத்த படுக்கையாகிவிட்ட அம்மாவை ஒன்பது வருஷம் வைத்துப் பார்த்துக்கொண்டவள் அவள்தான். அக்காக்காரி விடுமுறைக்கு விடுமுறை பழங்களோடு போய் இறங்குவாள், தலையணை உறையில் கறை இருக்கிறதே என்பாள், கிளம்பி வந்துவிடுவாள். அம்மா போன பிறகு, அந்த அறையை இரண்டு பேருமாக ஒழித்துக்கொண்டிருந்தபோது குட்டி துணியை மடித்தபடியே, “ஒரே ஒரு தடவை நன்றின்னு சொல்லியிருக்கலாம்லக்கா” என்றாள். அக்காவுக்குச் சுருக்கென்றது. “அம்மாவைப் பாத்துக்கிட்டதுக்கு நன்றியா? நீ என்ன வேலைக்கு வந்த ஆளா?” என்று கேட்டுவிட்டாள். நமக்குள் என்ன நன்றி, நாமெல்லாம் ஒரே ரத்தமல்லவா என்று சொல்லத்தான் நினைத்தாள். வாயிலிருந்து வந்து விழுந்தது வேறு மாதிரி இருந்தது. குட்டி மடித்த துணியைக் கட்டிலில் வைத்துவிட்டுப் பக்கத்து அறைக்குப் போனாள். அதுதான் கடைசி.

ஆறு வருஷமாகச் சொல்லமுடியாததைச் சாகப்போகிறவள் சொல்லிவிடலாம். சாகிறவளிடம் யார் முகத்தைத் திருப்பிக்கொள்வார்கள்? ஒரு மத்தியானம், கடையில் ஆளில்லாத நேரத்தில் போன் செய்தாள்.

“நான்தான்.”

அந்தப் பக்கம் ஓடிக்கொண்டிருந்த மிக்சி நின்றது.

“உடம்பு சரியில்ல, குட்டி. ரொம்ப நாள் இருப்பேன்னு தோணல. உன்கிட்ட ஒண்ணு சொல்லணும். நேர்ல.”

“சனிக்கிழமை வரேன்” என்றாள் குட்டி. கொஞ்சம் விட்டு, “கடைக்கு வரேன்” என்றாள். வீட்டுக்கு வர இன்னும் மனசு இடம் கொடுக்கவில்லை போல. பரவாயில்லை, வருகிறாளே என்று இவள் நெஞ்சில் கை வைத்துக்கொண்டாள்.

சனிக்கிழமை காலை. லிஃப்டுக்காரர் சமையலறையில் தட்டுக் கழுவிக்கொண்டிருந்தார். முழங்கை வரை சோப்பு நுரை.

“இன்னைக்குக் குட்டி வர்றா” என்றாள்.

அவர் திரும்பிப் பார்த்த பார்வையில் அத்தனை சந்தோஷம். கண் மறுபடி கலங்கிவிட்டது. “நல்லதும்மா. எவ்வளவு நல்ல விஷயம்” என்றார். அந்தக் கலக்கத்தைப் பார்த்ததும் அவளுக்கு இதற்கு மேல் பொறுக்கவில்லை.

“போதுங்க. இனிமே மறைக்காதீங்க. டாக்டர் எத்தனை மாசம்னு சொன்னாரு?”

“எது எத்தனை மாசம்?”

“நான் இன்னும் எத்தனை மாசம் இருப்பேன்னு.”

அவர் திருதிருவென்று விழித்தார். கையிலிருந்த தட்டு வழுக்கித் தொட்டிக்குள் விழுந்தது. “கொழுப்புக் கட்டின்னுதானே சொன்னாரு! சத்தியமா ஒண்ணும் இல்லம்மா. வேணும்னா இப்பவே அவருக்குப் போன் போடறேன், நீயே கேளு.”

போட்டார். நுரைக் கையோடு போட்டார். டாக்டர் ஒரு முறைக்கு இரண்டு முறை அதையே சொன்னார். பல் தேய்த்துக்கொண்டிருந்தார் போலிருக்கிறது, இருந்தாலும் தெளிவாகவே கேட்டது. போனை வைத்துவிட்டு அவள் கணவரைப் பார்த்தாள்.

“அப்ப இந்தக் காலைப் பார்வை? இந்த நன்றி? இந்த வாஷிங் மெஷின்?”

அவர் நாக்கைக் கடித்துக்கொண்டார். பிறகு மெதுவாக எல்லாம் வெளியே வந்தது. நூலகத்து லிஃப்டைப் பழுது பார்க்கப் போனவர், மாடி அறையில் ஞாயிறுதோறும் சிலர் கூடிப் பழைய ஞான நூல்களைப் படிப்பதைப் பார்த்து, வாசலில் நின்று கேட்டு, பிறகு உள்ளே போய் உட்காரத் தொடங்கியிருந்தார். அது அவளுக்குத் தெரியும். ‘ஞானக் கூட்டம்’ என்று அவள்தான் பெயர் வைத்திருந்தாள். அங்கே ஒரு பல் டாக்டர் படித்து விளக்குவார். மாதத்துக்கு ஒரு பாடம். கேட்டால் மட்டும் போதாது, செய்து பார்க்கவேண்டும். இந்த மாதப் பாடம் நிலையாமை. நம்முடையது என்று நாம் நினைப்பதெல்லாம் நம்மிடம் கொடுத்து வைத்திருப்பது. கொடுத்தவர் எப்போது வேண்டுமானாலும் வாங்கிக்கொள்வார். பல தேசத்துப் பழைய ஞானிகள், ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காதவர்கள், இதையே சொல்லியிருக்கிறார்களாம். ஆகவே காலையில் எழுந்ததும் கண்ணை மூடி, மிகவும் பிரியமான ஒன்றை இழந்துவிட்டதாக நினைத்துப் பார்க்கவேண்டும். பிறகு கண்ணைத் திறந்து, அது இன்னும் இருப்பதற்கு நன்றி சொல்லி, அதற்காக நம் கையால் ஏதாவது செய்யவேண்டும்.

“அதுக்கு நான்தான் கிடைச்சேனா?”

“வேற யாரும்மா இருக்காங்க எனக்கு?”

“தினமும் காலையில என்னைச் சாகடிச்சிருக்கீங்க!”

“ரெண்டு நிமிஷம்தான்.”

“என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லித் தொலைச்சிருக்கலாம்ல?”

“சொல்லக்கூடாதும்மா. ஞானத்தை வீட்ல போய்ப் பிரசங்கம் பண்றவன் அதைச் செய்யமாட்டான், வாயைத் திறக்காம செஞ்சு காட்டுங்கன்னு பல் டாக்டர் கண்டிப்பா சொல்லிட்டாரு.”

“பல் டாக்டர் பல்லைப் புடுங்கட்டும்! என் உயிரை எதுக்குப் புடுங்கறாரு?”

அவர் நுரையைத் துடைத்துக்கொண்டு ஸ்டூலில் உட்கார்ந்தார். “லிஃப்டுக்கு பிரேக் சோதனைன்னு ஒண்ணு பண்ணுவோம். கயிறு அறுந்துபோச்சுன்னு வெச்சுக்கிட்டு, அப்பவும் கூண்டு விழாம நிக்குதான்னு பாக்கணும். அதைப் பாக்காம மனுஷங்களை ஏத்தமாட்டோம். இதுவும் அதே மாதிரி ஒரு சோதனைதான்னு நெனச்சேன்.”

“நின்னுச்சா?”

“எங்க நின்னுச்சு. தினமும் விழுந்தேன்.” அவர் தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னார். “அப்புறம் கண்ணைத் திறந்தா நீ இருப்ப. போர்வையை மொத்தமா உன் பக்கம் இழுத்துக்கிட்டு.”

அவள் சிரிக்கத் தொடங்கி அழுகையில் முடித்தாள். அவர் பக்கத்தில் வந்து நின்றார். ஈரக் கையை எங்கே வைப்பது என்று தெரியாமல் அவள் தோளிலேயே வைத்தார். இந்த மனுஷர் தன் மேல் இத்தனை பிரியம் வைத்திருக்கிறார் என்று கேள்விப்பட அவள் சாகவேண்டியிருந்தது. அந்தக் கட்டிக்கும் சேர்த்து நன்றி சொல்லலாம் போலிருந்தது அவளுக்கு.

அப்போதுதான் உறைத்தது.

“ஐயையோ, குட்டி!”

சாகப்போவதாகச் சொல்லித் தங்கையை வரவழைத்ததை அவரிடம் ஒப்புக்கொண்டாள். குட்டி ஏறிய ரயில் அந்நேரம் பாதி வழி வந்திருக்கும். போன் செய்து சொல்லிவிடலாம் என்றார் அவர். சொன்னால் அடுத்த ஸ்டேஷனில் இறங்கித் திரும்பிப் போய்விடுவாள் என்றாள் அவள். “அப்ப வந்தப்புறம் மெதுவா சொல்லு. ரெண்டு நாள் கழிச்சு” என்றார் ஞானம் படித்தவர். அவளுக்கும் அந்த ஆசை வந்தது. வரவில்லை என்று நான் பொய் சொல்லமாட்டேன். இன்னும் ஒரே ஒரு நாள் சாகப்போகிறவளாக இருந்துவிட்டால் என்ன? நன்றியைச் சொல்லி, கட்டிக்கொண்டு அழுது, எல்லாம் சரியான பிறகு, டாக்டர் தப்பாகச் சொல்லிவிட்டார் என்று ஒரு கதை கட்டிவிட்டால் தீர்ந்தது. சாகப்போகிறவள் சொல்லும் நன்றிக்குப் பதில் பேச்சே இருக்காது. இன்னும் முப்பது வருஷம் இருக்கப்போகிறவள் எந்த முகத்தோடு சொல்வது? இந்தக் கணக்கைப் போட்டபடியே பஸ் ஏறி, கடையைத் திறந்து, கண்ணாடி அலமாரிகளை ஒரு துணியால் துடைத்ததையே துடைத்துக்கொண்டிருந்தாள்.

குட்டி கதவைத் தள்ளிக்கொண்டு வந்தாள். முன்தலை நரைத்திருந்தது. முகம் அழுது வீங்கியிருந்தது. மூக்குக்கண்ணாடி ஒரு பக்கமாகச் சரிந்து உட்கார்ந்திருந்தது. பையைக் கீழே போட்டுவிட்டு அக்காவின் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டாள்.

“என்னக்கா இது? எந்த டாக்டர்? என்ன சொன்னாரு?” பதிலுக்குக் காத்திருக்கவில்லை. “எங்கூட வந்துடு. அத்தான் வேலைக்குப் போற மனுஷன், அவரால முடியாது. அம்மா ரூம் அப்படியேதான் இருக்கு. நான் பாத்துக்கறேன்.”

நான் பாத்துக்கறேன். ஒன்பது வருஷம் பார்த்துக் களைத்தவள், ஒரு நன்றிகூட வாங்காதவள், ரயிலில் வந்து இறங்கி முதல் மூச்சில் அதைச் சொல்கிறாள். அக்காவுக்கு அதற்கு மேல் பொய்யாகச் சாக முடியவில்லை.

“எனக்கு ஒண்ணும் இல்ல, குட்டி.”

எல்லாவற்றையும் சொன்னாள். நூலகம், பல் டாக்டர், காலைப் பார்வை, வாஷிங் மெஷின் எதையும் விடவில்லை. சொல்லச்சொல்ல குட்டியின் கைகள் தளர்ந்தன. கடைசியில் விட்டே விட்டன.

“ஆறு வருஷம் கழிச்சுக் கூப்பிட்டு சாகப்போறேங்கற. நான் வழி பூரா அழுதுட்டே வரேன். எதிர்ல உக்காந்திருந்த யாரோ ஒரு அம்மா எனக்குத் தண்ணி வாங்கிக் குடுத்தாங்க. இப்ப ஒண்ணும் இல்லயா?” குட்டி குனிந்து பையை எடுத்தாள். “ரொம்ப சந்தோஷம். நல்லா இரு.”

கதவு வரைக்கும் போய்விட்டாள். கைப்பிடியில் கை வைத்துவிட்டாள். அக்கா இரண்டடி பின்னாலேயே போய் நின்றாள். சாவு இல்லை, அனுதாபம் இல்லை, ஒளிந்துகொள்ள ஒரு இடமும் இல்லை.

“நன்றி” என்றாள்.

குட்டி திரும்பவில்லை. போகவும் இல்லை.

“அம்மாவைப் பாத்துக்கிட்டதுக்கு. புரட்டிப் படுக்க வெச்சதுக்கு. நகம் வெட்டிவிட்டதுக்கு. நான் பழத்தைக் குடுத்துட்டுக் கறையைப் பாத்துட்டுப் போனப்பல்லாம் வாசல் வரைக்கும் வந்து அனுப்பினதுக்கு. அன்னைக்கு நீ கேட்டப்பவே சொல்லியிருக்கணும். நீ கேக்கறதுக்கு முன்னாடியே சொல்லியிருக்கணும்.”

“இதைச் சொல்லத்தான் சாகப்போறேன்னியா?” குட்டி கதவைப் பார்த்தே கேட்டாள்.

“சாகப்போறேன்னு நெனச்சப்பதான் தைரியம் வந்துது. இப்ப சாகவும் போறதில்ல, தைரியமும் இல்ல. ஆனா சொல்லிட்டேன்.”

குட்டி பையைத் தரையில் வைத்தாள். கண்ணாடியைக் கழற்றி முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு திரும்பினாள். மூக்கின் இரண்டு பக்கமும் கண்ணாடி அழுத்திச் செக்கச்சிவந்த தடம்.

“யாருடி உனக்கு இதை மாட்டிவிட்டது?” என்றாள் அக்கா.

“எங்க ஊர்க் கடையில.”

“கடையா அது? கொல்லன் பட்டறையா? அஞ்சு நிமிஷ வேலை. உக்காரு.”

குட்டி உட்கார்ந்தாள். எத்தனையோ முகங்கள் வந்து உட்கார்ந்துபோன நாற்காலி. அக்கா கண்ணாடிக் கம்பியைச் சூடுகாற்றில் காட்டி, இளகியதும் வளைத்து, பட்டைகளை ஒரு நூல் அகட்டி, தங்கையின் முகத்தில் மெதுவாக வைத்தாள். காதுக்குப் பின்னால் விரலை விட்டுத் தடவிப் பார்த்தாள். அங்கேயும் புண்ணாகியிருந்தது. சின்ன வயதில் இந்தக் காதைப் பிடித்துத்தான் திருகியிருக்கிறாள்.

“இப்ப எப்படி இருக்கு?”

“பரவாயில்ல.” குட்டி கண்ணைச் சிமிட்டி அக்காவை நேராகப் பார்த்தாள். “உனக்கும் நரைச்சுப்போச்சு.”

“ஒரு வாரம் போட்டுப் பாரு. அழுத்தினா வா, சரி பண்ணித் தரேன்.”

பழக்க தோஷத்தில் வாய் சொல்லிவிட்டது. இத்தனை நாளாக வராத வாசகம் எந்தத் தடையும் இல்லாமல் வந்துவிட்டது. சொன்ன பிறகுதான் அவளுக்கே காதில் விழுந்தது.

“அடுத்த வாரம் இருப்பியா?” என்றாள் குட்டி. உதட்டோரம் லேசாகத் துடித்தது. “இல்ல, அதுக்குள்ள மறுபடி செத்துப்போயிடுவியா?”

“இருப்பேன்டி. நீ வா.”

அக்கா குனிந்து, கண்ணாடியை மறுபடி கழற்றி, இன்னொரு பக்கத்துக் கம்பியையும் சூடுகாற்றில் காட்டினாள்.